முபாரக் காக்கா கேட்ட அரை மணித்தியாலம்

எமது அரிசி ஆலையின் சகல ஊழியர்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், கந்தோர்ச் சுவர்க் கடிகாரம் நேற்று மூன்றே காலுக்கு நின்றுவிட்டது. பற்றரி மாற்றுபவர் யாரென்று விசாரித்தோம். அது எப்போதும் முபாரக் காக்காதான். அவரை அடக்கம் செய்துவிட்டு அப்போதுதான் மையவாடியிலிருந்து திரும்பியிருந்தோம். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஏழு மணிக்குப் பள்ளி ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல். வயது நாற்பத்து நான்கு.

அவரை அறியாதவர்களுக்காக: சம்மாந்துறையில் எங்கள் ஆலைக் கந்தோரில் கணக்கு எழுதும் லிகிதர், எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி. ஊழியர்களுக்குப் பயிற்சி ஒழுங்கு செய்யும் வேலையும் அவர் தலையில்தான். நான் மூட்டை தைப்பவன், வயது பத்தொன்பது, ஆலையின் குறும்புப் பிரிவுக்கும் பொறுப்பாளன். காக்காவின் திட்டங்களுக்கு வலது கையாக இருந்தவன் என்று மையவாடியில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

நான் சேர்ந்த வருடம் எங்கள் முதலாளி ஹாஜியார், கொழும்பிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்துக் கல்முனையில் மண்டபம் எடுத்தார். வெல்லப் பிறந்தவர்கள் நாங்கள் என்று நாள் முழுக்கப் பேச்சு. புரியாணி, சான்றிதழ். என்ன படித்தாய் என்று மறுநாள் காக்கா கேட்டார். புரியாணிக்கு அரை முட்டை போதும் என்று படித்தேன் என்றேன். அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். மற்றவர்கள் அதுகூடப் படிக்கவில்லையாம்.

பிறகு தேநீர் நேரங்களில் கொப்பியோடு ஆலைக்குள் வரத் தொடங்கினார். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "என்ன செய்யக்குள்ள உனக்குப் பயமா இரிக்கி?" எதற்கு என்று நான் கேட்டபோது, "பயம் எங்க இரிக்கோ அங்கதான் வகுப்பு வைக்கணும் தம்பி. கல்முனையில இல்ல" என்றார்.

போன வருடம் நெல் ஏற்றும் பெல்டில் மூட்டை தூக்கும் இஸ்மாயில் மச்சான் கட்டியிருந்த சாரம் சிக்கியது. மெஷின்காரர் ளுஹர் தொழப் போயிருந்தார். அவரைத் தவிர யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்பது ஹாஜியாரின் சட்டம். சுவிட்சுகள் பன்னிரண்டு, ஒன்றிலும் பெயரில்லை. மச்சான் சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ந்ததால் கால் தப்பியது. நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். "அடுத்த தரம் சாரம் மட்டும் போகாது" என்றார் காக்கா.

ஹாஜியாரிடம் அரை மணித்தியாலம் கேட்டார். பெல்டை ஒவ்வொருவரும் தன் கையால் நிறுத்திப் பழக வேண்டும், அவ்வளவுதான். தேவை என்று ஆட்கள் எழுதித் தரட்டும், பார்க்கலாம் என்றார் ஹாஜியார். காக்கா எல்லோருக்கும் பெயர் எழுதத் தேவையில்லாத கடதாசித் துண்டுகள் கொடுத்து, தெரியாததை எழுதச் சொன்னார். வேலை போய்விடும் என்று பயந்து பலர் 'எல்லாம் தெரியும்' என்று எழுதினார்கள். மீதித் துண்டுகளை வாசித்த ஹாஜியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இவனுகளுக்கா வகுப்பு, முபாரக்? இவனுகள் நமக்கு வகுப்பெடுப்பானுகள்."

காக்கா அதன்பிறகு கேட்கவேயில்லை. திட்டம் அவர் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. இனி அதை யாரும் திறக்கப் போவதில்லை.

வலது கை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுத வராத ஆறு பேர் தங்கள் துண்டுகளை என்னிடம்தான் தந்தார்கள். "பெல்ட நிப்பாட்டத் தெரியா எண்டு எழுதுடா மச்சான். பேர் வராதுதானே?" என்று இஸ்மாயில் மச்சான் காதோடு சொன்னார். நான் எழுதியது: 'மாமியாரை நிறுத்தத் தெரியாது, வகுப்பு வேண்டும்.' மற்ற ஐந்தும் அதே ரகம்.

மூட்டைகளில் நெல்லின் பெயர் எழுதுபவன் நான். காக்காவுக்கு என் எழுத்துத் தெரியும். கூப்பிட்டார். ஏசவில்லை.

"உன்ட துண்டில என்ன எழுதின?"

"எல்லாம் தெரியும் எண்டு, காக்கா."

"தெரியுமா?"

"ஓம்."

இன்று ளுஹருக்கு மெஷின்காரர் போனார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். பன்னிரண்டில் எது என்று எனக்குத் தெரியாது காக்கா. அன்றைக்கும் தெரியாது. இனிமேல் யாரிடம் கேட்டாலும், எல்லாம் தெரிந்தவன் கேட்கிறான் என்று சிரிப்பார்கள்.

அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கட்டும்.