மேலப் பக்கம் போன நைனா

காலியாக இருந்த பின்பக்க ரூமுக்கு ஆள் வருகிறது என்று மகன் ஸ்ரீதர் கம்பெனியிலிருந்து போன் பண்ணிச் சொன்னபோதுதான், வடக்குப்பட்டு சரோஜா அந்தப் பெயரை முதன்முதலாகக் காதில் வாங்கினாள். ஆறுமுகநயினார். பேரே இத்தனை நீளம் என்றால் ஆள் எத்தனை பெரியவராக இருக்க வேண்டும்! பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். புருஷன் நடேசனைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கச் சொன்னாள். ஆட்டோவிலிருந்து இறங்கியதோ, முளைக்கலாமா வேண்டாமா என்று மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்த ஒரு பையன். கையில் ஒரு பை, ஒரு பக்கெட்.

"பெரியவரு பின்னாடி வர்றாரா தம்பி?" என்றாள் சரோஜா.

"நாந்தாம்மா ஆறுமுகநயினார்."

நடேசன் சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சரோஜாவுக்கு ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் உறவில் ஒரு கொக்கி போட்டு மாட்டிவிடுவாள். படப்பை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவள்கூட, இறங்குவதற்குள் சரோஜாவின் குன்றத்தூர்ப் பெரியம்மாவுக்கு ஓரகத்தி வகையில் ஏதாவது ஒன்றாகிவிடுவாள். இந்தப் பையனுக்கு மட்டும் கொக்கி சிக்கவில்லை. ஊர் வள்ளியூருக்கும் தெற்கே. அவளுடைய சின்ன மாமனாரின் மச்சினன் ஒருவர் லாரி கவிழ்ந்து நாகர்கோயிலில் ஒரு வாரம் படுத்திருந்தார். அந்தப் பக்கத்து உறவு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

முழுப் பெயரும் அவள் வாயில் நுழையவில்லை. நயினார் என்று பாதியாக்கினாள். அதுவும் தேய்ந்து நைனா என்று நின்றது. இந்தப் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. விடிந்ததும் விடியாததுமாக, "நைனா, தண்ணி வுட்டான், பக்கெட்ட எடுத்தா!" என்று அவள் கத்தினால் தெருவே சிரிக்கும்.

"இன்னாக்கா, உங்க நைனா போயி பத்து வருசம் ஆவுதே, திரும்பி வந்துட்டாரா?" என்பாள் எதிர்வீட்டுக் காவேரி.

"வந்துட்டாரு. ஆனா எளச்சிப் பூட்டாரு" என்பாள் சரோஜா.

நயினாருக்கு ஒரகடத்தில் கார் சாமான் செய்யும் கம்பெனியில் வேலை. லைனில் நின்று போல்ட் முடுக்க வேண்டும். ஷிப்ட் விட்டு வந்தால் மற்றப் பையன்கள் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார்கள். இவன் மட்டும் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடப்பான். "அம்புட்டு நேரம் நின்ன காலு, ஓடணும் ஓடணும்ங்குதும்மா" என்பான். அந்தக் காலுக்கு ஒருநாள் வழி பிறந்தது. வெளிநாடு போன ஒரு இன்ஜினியர் விட்டுச்சென்ற ரேஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சரோஜா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னா நைனா இது? கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, பெல்லு இல்ல, மட்காடு இல்ல. பாதிய அவனே வெச்சிக்கினு மீதிய உன் தலையில கட்டிட்டானா?"

அதோடு போகவில்லை. மறுவாரம் கொடிக்கம்பியில் ஒரு கறுப்புக் கால்சட்டை தொங்கியது. பிடித்துப் பார்த்தால் உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருந்தது. "தலகாணிய இடுப்புல கட்டிக்கினு போவுதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொன்று தொங்கியது. அது ஸ்ரீதருடையது.

ஞாயிறு தோறும் அவனும் ஸ்ரீதரும் லைன் பையன்கள் சிலரும் கிளம்பிவிடுவார்கள். சிங்கபெருமாள் கோயில், செங்கல்பட்டு ஏரிக்கரை, அதைத் தாண்டினால் மலைகள். இரண்டு பக்கமும் பாறையும் புதரும், நடுவே ஏறி இறங்கும் ரோடு. திருக்கழுக்குன்றம் போய், மகாபலிபுரத்துக் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவார்கள். ஏற்றங்களுக்கு நயினார் வைத்திருந்த அளவு இட்லிதான். "அது ரெண்டு இட்லி ஏத்தம்மா. தாண்டுனா ஒரு அஞ்சு இட்லி ஏத்தம் இருக்கு, அதுல ஸ்ரீதருக்கு நாக்குத் தள்ளிரும்" என்பான். சரோஜாவும் வழியைக் கேட்டுக்கொண்டுதான் மாவை ஊற்றுவாள்.

ஒருநாள் களைத்து வந்து, "இன்னைக்கு ஒரே கீழக்காத்தும்மா, மிதிக்கவே முடியல" என்றான். காற்றில் கீழ்க்காற்று, மேல்காற்று என்று ஏது? தரையோடு தரையாக அடித்திருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு, காயும் புடவைகளை ஒரு சாண் உயர்த்திக் கட்டினாள் சரோஜா. அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பின்னால் அத்தனை கூத்து நடந்திருக்காது.

செல்லக்கனி என்று ஒரு பெண். அவளும் நயினார் ஊர்ப் பக்கம்தான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் வாசம். டீக்கடையில் அவனுடைய கால்சட்டையைப் பார்த்துச் சிரித்தவள், பிறகு சிரிக்காமல் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய அப்பா ஊரிலிருந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளோடு திருக்கழுக்குன்றத்தில் சாமி கும்பிட்டுவிட்டுச் சாயங்கால ரயில் ஏறுவார். பையன் அங்கே வந்து முகத்தைக் காட்டட்டும், பிடித்தால் சரி, இல்லாவிட்டால் ஊரில் அக்கா மகன் அருள்பாண்டி தயாராக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

"வேட்டி கட்டிக்கினு ஒழுங்கா பஸ்ல போ நைனா" என்று சரோஜா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸு லேட்டாகும்மா. அந்த ரோட்டுல எனக்குத் தெரியாத ஏத்தம் உண்டுமா? வேட்டி ஸ்ரீதர் பைல இருக்கு, அங்க போய்க் கட்டிக்கிடுதேன்."

செங்கல்பட்டு தாண்டியதும் ஸ்ரீதருக்குப் பஞ்சர். வேட்டியும் அவனோடு அங்கேயே நின்றுவிட்டது. நேரமாகிறதென்று நயினார் தலையணைக் கால்சட்டையோடு முன்னால் பறந்தான்.

அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. அவன் கொடுத்திருந்த இன்னொரு நம்பருக்கு அடித்தார். சரோஜா எடுத்தாள்.

"நைனா இல்லீங்க. சைக்கிள்ல வந்துகினு கீறாரு."

"நைனாவா? நீங்க அவருக்கு... மகளா?"

லாரிச் சத்தத்தில் சரோஜாவுக்கு அது சரியாக விழவில்லை. "ஆமாங்க, ஆமாங்க. இன்னா சொல்லணும்?"

"கோயிலுக்கு மேலப் பக்கம் ஒரு காப்பிக் கடையில இருக்கோம்னு சொல்லுங்க" என்று திகைத்த குரலில் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

உடனே நயினாரைக் கூப்பிட்டாள் சரோஜா. நாலாம் தடவை எடுத்தான். பையன் தடுமாறக் கூடாதே என்று அவளே விளக்கமாக எடுத்துச் சொன்னாள்: "மலை மேல கீறாங்களாம். மேல போயிடு நைனா."

திருக்கழுக்குன்றத்து மலைக்கு எத்தனை இட்லி என்று அவன் கணக்குப் போட்டதில்லை. ஷூவை அடிவாரத்தில் செருப்புக் கடையில் விட்டான். சைக்கிளையும் நீட்டினான். "செருப்புக்குத்தான் டோக்கன், சைக்கிளுக்கு இல்ல" என்றான் கடைக்காரன். ஸ்டாண்டும் இல்லை, பூட்டும் இல்லை. தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினான்.

பாதி மலையில் ஒரு அம்மாள் வழிமறித்து, "இன்னா வேண்டுதல் தம்பி?" என்று கேட்டாள். மூச்சு வாங்கியதில் அவனுக்கு ஒரே சொல்தான் வந்தது. "கல்யாணம்."

"கல்யாண வேண்டுதலாம், சைக்கிள் காவடி! வழி வுடுங்க!"

கூட்டம் விலகியது. ஒருவர் ஹேண்டில்பாரில் மாலை போட்டார். ஒருவர் அவனுக்கும் டயருக்கும் சேர்த்து விபூதி பூசினார். அது சிவன் மலைதான். ஆனாலும் காவடி என்று கேட்ட பழக்கத்தில் யாரோ அரோகரா போட, நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

உச்சியில் காப்பிக் கடை இல்லை. நயினார் போன் போட்டான்.

"இங்க குரங்குதாம்மா இருக்கு."

"நல்லா பாரு நைனா."

"நல்லாத்தான் பாக்கேன். தண்ணி பாட்டிலப் பிடுங்கிட்டு உக்காந்திருக்கு. அவிய சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"கோயிலுக்கு மேலப் பக்கம்னாரு."

"அம்மா, எங்கூர்ல மேலப் பக்கம்னா மேக்கு. கீழப் பக்கம்னா கெழக்கு."

சரோஜா அண்ணாந்து பார்த்தாள். பிறகு மேற்கே பார்த்தாள். "அப்ப மேலன்றதுக்கு இன்னா சொல்வீங்கோ?"

"அதுக்கும் மேலதாம்மா."

கீழே ஊருக்குள் பெரிய கோயில். அதற்கு மேற்கே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து பெண்ணின் அப்பா மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவனோ கல்யாணத்துக்காகச் சைக்கிளைச் சுமந்து ஏறுகிறான் என்று கடையில் பேச்சு. "எந்தப் புள்ள மாட்டுதோ, பாவம்" என்று அவரும் உச்சுக்கொட்டினார். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் விபூதியும் சைக்கிளில் மாலையுமாக அவனே வந்து எதிரில் நின்றான். செல்லக்கனி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உமக்கு எத்தன பிள்ளைய?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"யாருக்கு?"

"போன்ல பேசுன பொம்பள நைனாங்கா. மகளான்னு கேட்டா ஆமாங்கா."

"ஐயோ, அது சும்மா கூப்புடுதது! மலையில ஏறச் சொன்னதும் அவியதான். வீட்டுக்காரம்மா."

"பொண்டாட்டி வேறயா!" என்று எழுந்துவிட்டார்.

நல்ல வேளை, பஞ்சர் ஒட்டிக்கொண்டு ஸ்ரீதர் வேட்டியோடு வந்து சேர்ந்தான். "ஹவுஸ் ஓனருங்க அவங்க! எங்கம்மா!" என்று அவன் கத்தி, நயினாரும் சேர்ந்துகொண்டு நைனாவையும் மேலப் பக்கத்தையும் விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது.

அவர் மெல்ல உட்கார்ந்தார். "சரி, அந்தம்மா சொன்னாவன்னு சைக்கிளயும் தூக்கிட்டா மலையில ஏறுனீரு?"

"பெரியவங்க சொன்னா ஏறத்தான செய்யணும்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இவன் சொன்னாக் கேப்பான். அருள்பாண்டிகிட்ட ஒரு செம்புத் தண்ணி கேட்டாலே அவனுக்குக் காது கேக்காது."

நிச்சயத்தன்று பெண்வீட்டுக் கிழவர் ஒருவர் சரோஜாவைக் காட்டி, மாப்பிள்ளைக்கு என்ன முறை என்று விசாரித்தார். நடேசன் அன்றைக்கும் சட்டை போட்டிருந்தார். "இவ மாப்பிள்ளைக்குப் பொண்ணு முறை. நான் மருமகப்புள்ள" என்றார். கடைசியில் கொக்கி மாட்டிவிட்டது.

இப்போது ஆறுமுகநயினார் செல்லக்கனியோடு படப்பையில் இருக்கிறான். மெயின் ரோட்டுக்கு மேற்கே, முதல் மாடியில்.