பேனா போட்ட புள்ளிகள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு லேப், அந்த லேப்பிலே ஒரே ஒரு டிக்கர் டைமர். தாத்தா எனக்குச் சொன்ன கதைகளில் ராஜாவுக்கு ஏழு பெண்டாட்டியும் எழுபது குதிரையும் இருக்கும். எங்கள் கதையில் இருப்பது அந்த டைமர் மட்டும்தான், அதையும் எட்டுக் குழு பங்கு போட்டுக்கொண்டோம். பிசிக்ஸ் படிப்பதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, ஓவர்டைம் மட்டும் உண்டு. பதினாறு வயதில், படிவம் நான்கில், அந்த வேலையைப் பார்த்தவர்களும் இப்போது பார்த்துக்கொண்டிருப்பவர்களும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஆனால் வயிறு எரிகிறது.

உள்ளே இருந்தும் ஆப்சென்ட்

புவனா டீச்சர் பாடத்தை மலாயில் நடத்துவார், திட்டுவதைத் தமிழில் வைத்துக்கொள்வார். தமிழ்ப் பிள்ளைகள் மேல் அவருக்குத் தனிப் பாசம் என்று இதற்கு அர்த்தம். முதல் நாள் பேர் கூப்பிட்டபோது நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். டீச்சர் மறுபடி கூப்பிட்டார். மறுபடி சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஆப்சென்ட் போட்டார். பாடம் முடிந்ததும் மேசைக்குப் போய், "டீச்சர், நான் வந்திருந்தேன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள இருக்கறவன் உள்ள இருக்கற மாதிரி சத்தம் குடுக்கணும்டா."

யோகாவின் விமானம்

அதே நாளில்தான் டீச்சர் சட்டத்தையும் சொன்னார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு ரிப்போர்ட். ஒன்று குறைந்தாலும் பள்ளித் தவணை முடிவில் பிசிக்ஸிலிருந்து எடுத்துவிட்டு அக்கவுண்ட்ஸ் வகுப்பில் போட்டுவிடுவார்கள். அக்கவுண்ட்ஸ் என்ன பாவம் செய்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எங்கள் பள்ளியில் அது ஒரு பாடமாக இல்லை, தண்டனையாக இருந்தது.

என் குழுவில் என்னோடு யோகா மட்டும்தான். செம்பனைத் தோட்டத்துக்குள் ரொம்ப தூரத்திலிருந்து வருகிறவள். நான் பாதி வழியில் எங்கள் தாமான் குடியிருப்பில் இறங்கிவிடுவேன்; இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கூல் பஸ். ஏன் பிசிக்ஸ் எடுத்தாய் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டபோது பாதிப் பேர் "அம்மா எடுக்கச் சொன்னாங்க" என்றார்கள். யோகா, "ஏரோப்ளேன் ரிப்பேர் படிக்கணும் டீச்சர். அந்த காலேஜ்ல சேரணும்னா பிசிக்ஸ் வேணுமாம்" என்றாள். செனாய் விமான நிலையத்தில் இறங்குகிற விமானங்கள் அவள் வீட்டுக்கு மேலே தாழப் பறக்குமாம். சத்தத்தை வைத்தே எது பெரியது எது சின்னது என்று சொல்லிவிடுவாளாம். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"சரிம்மா, மொதல்ல உன் ரிப்போர்ட்டு பறந்து போகாம என் மேசைக்கு வந்து சேரட்டும்."

எல்லாம் புள்ளிதானே

டிக்கர் டைமர் என்றால் என்னவென்று மறந்துபோனவர்களுக்காக: ஒரு சின்ன மின்சாரச் சுத்தியல். தள்ளுவண்டியின் வாலில் காகித டேப்பைக் கட்டி, வண்டியைச் சாய்வுப் பலகையில் ஓடவிட்டால், இது டேப்பின் மேல் டக் டக் என்று ஒரே சீராகப் புள்ளி வைத்துக்கொண்டே இருக்கும். வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்கப் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும். துண்டுக்கு இத்தனை புள்ளி என்று சமமாக எண்ணி டேப்பை நறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் படிக்கட்டு மாதிரி ஏற வேண்டும். இதுதான் பரிசோதனை.

எங்கள் ஊர் கோத்தா திங்கியில் ஆறு எந்தப் பக்கம் ஏறும் என்று தெரிந்தும் லேப்பைக் கீழ்மாடியில் கட்டியவர்கள் யாரோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆண்டிறுதி வெள்ளத்தில் மற்ற டைமர்கள் எல்லாம் துருப்பிடித்துப் போயின. மிஞ்சிய ஒன்றுக்குப் பள்ளி முடிந்த பிறகு வரிசையில் நிற்க வேண்டும். நானும் யோகாவும் நிற்க முடியாது. மணி அடித்ததும் பஸ் அங்கிள் ஹார்ன் அடிப்பார், காத்திருக்க மாட்டார். பக்கத்துக் குழுவில், நிற்க முடிந்த நவீனும் நிற்கவில்லை. அவன் வெறும் டேப்பை மேசையில் நீட்டி, ரூலரை வைத்து, கறுப்புப் பேனாவால் வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு குழு பேனா எடுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்:

"அலமாக், ஏன்டா அப்படிப் பாக்கற? மெஷின் வச்சாலும் புள்ளி, நான் வச்சாலும் புள்ளிதானே லா!"

வண்டியும் கிராஃபும்

நாங்கள் சாப்பாட்டு இடைவேளையில் செய்தோம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே மேசை ஓரம் வைத்துவிட்டு, யோகா வண்டியைப் பிடித்தாள், நான் டைமரைப் பிடித்தேன். வெள்ளத்தில் ஊறிய பலகை நடுவில் மேடு தட்டியிருந்தது. வண்டி அந்த இடத்தில் ஒரு குதி குதித்துத்தான் இறங்கும். எத்தனை முறை ஓட்டினாலும் அங்கே புள்ளிகள் நெருங்கி விழுந்தன. ஒட்டிப் பார்த்தால் படிக்கட்டின் நடுவில் ஒரு படி குட்டை. யோகா அதை அப்படியே ஒட்டி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு, "இங்கே பலகை மேடு" என்று எழுதினாள். எனக்கு அந்த அம்புக்குறி ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் நவீனின் பேனாப் புள்ளிகள் நோட்டீஸ் போர்டில் ஏறின, கீழே பெரிய நட்சத்திரம். எங்களுடையது சிவப்பு மையில் "மறுபடியும் செய்க" என்று திரும்பி வந்தது. நீங்களே சொல்லுங்கள், இதற்குக் கோபம் வராதா? எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. யோகா எழுந்து மேசைக்குப் போனாள்.

"டீச்சர், வண்டி அப்படித்தான் போச்சு."

"வண்டி எப்படி வேணும்னாலும் போகும்மா. கிராஃப் நேராத்தான் போகணும்."

பஸ்ஸில் கோலம்

மறுபடி செய்யலாம் என்றால், யாரோ டைமரைத் தப்பான இடத்தில் சொருகிப் புகையவிட்டார்கள். ஒன்றே ஒன்று இருந்ததும் போனது. தவணை முடிய இரண்டே நாள். டீச்சரிடம் சொன்னால், "மத்த எல்லாரும் குடுத்துட்டாங்களே" என்றார். எப்படிக் கொடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. அறிவியல் பகுதித் தலைவர் லேப்புக்கு வந்து, நோட்டீஸ் போர்டைப் பார்த்து, இதென்ன தையல் மெஷினில் தைத்த மாதிரி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனாராம். உடனே சட்டம் மாறியது. இனிமேல் ரிப்போர்ட்டில் கொஞ்சம் பிழை தெரிய வேண்டுமாம். ஆனால் ரொம்பத் தெரியக்கூடாதாம்.

அன்று பஸ்ஸில் யோகா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தாமான் வருவதற்கு முன்னால் கையை நீட்டி, "பேனா குடு" என்றாள். கொடுத்தேன். வெறும் டேப்பையும் ரூலரையும் மடியில் வைத்து, கணக்குப்படி எங்கே புள்ளி விழ வேண்டுமோ அங்கே வைத்துக்கொண்டே வந்தாள். பஸ் செம்மண் பாதையில் திரும்பியது. நான் இறங்க மறந்துவிட்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பேனா துள்ளியது. ஒரு புள்ளி முன்னே, ஒரு புள்ளி பின்னே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் வைத்தாள். பஸ் அங்கிள் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இந்த ரோட்டுல நானே நேரா போக முடியல, நீ கோலம் போடறியா?"

நோட்டீஸ் போர்டு

மறுநாள் புவனா டீச்சர் யோகாவின் டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எல்லாரும் இங்க பாருங்க" என்று தமிழிலேயே ஆரம்பித்தார். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் யாருக்கோ திட்டு என்று குனிந்துகொண்டார்கள். "படிக்கட்டு நல்லா ஏறுது, ஆனா அங்கங்க லேசா தடுமாறுது. இதுதான் உண்மையா செஞ்ச பரிசோதனை." நவீனின் டேப் இறங்கியது. யோகாவின் டேப் அதே ஊசியில், அதே நட்சத்திரத்துக்கு மேலே ஏறியது.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "டீச்சர்!" என்று வந்த சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். முழு வகுப்பும் திரும்பியது. குட்டைப் படி வைத்த அந்தப் பழைய டேப்தான் உண்மை, வண்டி குதித்தது உண்மை, அம்புக்குறி உண்மை, இது பஸ் போட்ட கோலம்: எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. கீழே யோகா என் காலை மிதித்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. நோட்டீஸ் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் அக்கவுண்ட்ஸ், அவளுக்கு ஏரோப்ளேனும் போச்சு.

"என்னடா?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர். உள்ளதான் இருக்கேன்."

மணி அடித்து எல்லோரும் போனார்கள். லேப் கூட்டும் முறை எனக்கு. அண்ணன் மோட்டாரில் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். யோகா மட்டும் நின்றாள். சிவப்பு மை பட்ட பழைய டேப்பை ரிப்போர்ட்டிலிருந்து பிய்த்தெடுத்து, சுருட்டி, பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடினாள். வெளியே ஹார்ன் அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஏரோப்ளேன்ல பேனாவைத் தொட மாட்டேன்டா. அதுக்குள்ள ஆளுங்க உக்காந்திருப்பாங்க."

சொல்லிவிட்டு அவள் பஸ்ஸை நோக்கி நடந்தாள். துடைப்பத்தோடு நின்ற எனக்கு அந்த ஆண்டு பிசிக்ஸில் புரிந்தது இவ்வளவுதான், எங்கள் லேப்பில் ஓடிய வண்டிக்குச் சிவப்பு மை, குலுங்கிய பஸ்ஸுக்கு நட்சத்திரம்.