கொட்டகையில் கேட்ட சிரிப்பு

என் தங்கைக்கு மனச்சிதைவு நோய் என்று சேலத்து டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவள் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையையும் டைரியில் குறித்து வந்தேன். காலை ஒன்று, இரவு இரண்டு. ஒரு வேளையும் தவறியதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

மாத்திரைக்குப் பிறகும் அவள் காதில் குரல்கள் கேட்டன. ஆனாலும் வேலைக்குப் போனாள். தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் கொட்டகையில், காப்பிக்கொட்டையிலிருந்து கறுப்பையும் உடைசலையும் பொறுக்கும் வேலை. தினமும் காலையில் இரண்டு பெண்கள் எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டு அழைத்துப் போவார்கள்.

ஒருநாள் பள்ளி அலுவலகத்தில் என் வேலை சீக்கிரம் முடிந்ததால், அவளை அழைத்துவரப் போனேன். கொட்டகைக்கு வெளியிலேயே பேச்சு கேட்டது.

"ஏனுங்க்கா, இன்னைக்கு உங்க ரேடியோவுல என்ன சொல்றாங்க?"

"நீ பொறுக்கறது பூரா சொத்தைங்குது" என்றாள் தங்கை.

கொட்டகையே சிரித்தது. தங்கையும் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "அவங்க உன்னைக் கேலி பண்றாங்க. இனிமே போக வேண்டாம்" என்றேன்.

யார்மீதும் அவளுக்குச் சந்தேகம் வரும்படி பேசக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதையும் எழுதி வைத்திருந்தேன். எழுதி என்ன பயன்?

மூன்று வாரத்தில் அவள் தலை வாருவதை விட்டாள். சுவரோடு பேசினாள். "பகல்ல பேச்சுத் துணைக்கு யார் இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்பதிலிருந்து ஐந்து வரை நான் வீட்டிலேயே இருப்பதில்லை.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன்.

"நாங்களா கேலி பண்ணோம்?" என்றாள் அந்த இருவரில் மூத்தவள். "காதுல கேக்கற கொரலுக்கு ரேடியோன்னு பேரு வெச்சதே அக்காதானுங்க சார். அவங்க இல்லாம எங்களுக்கு நொம்பச் சங்கடமா இருக்குதுங்க."

அன்று மாலையே இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். தங்கை அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

"வாங்க்கா, உங்க எடத்துல வேற யாரையும் உக்கார உடல."

"அவங்கள ஊட்டுக்குப் போவச் சொல்லுங்கண்ணா. எதுக்கு வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். நீங்கதான சொன்னீங்க."

நான் சொன்னது தப்பு என்று கதவுக்கு வெளியே நின்று நான்கு முறை சொன்னேன். என்னை அவர்கள்தான் மாற்றிவிட்டார்கள் என்றாள்.

பதினொரு நாள் வந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காப்பிப் பருவம் முடிந்து எஸ்டேட்டில் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். அதுவரை ஒருநாளும் அவர்களுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை.