அளவுக்கு வெட்டிய தடிகள்

என் கணவர் கோல்ஃப் பழகத் தொடங்கியது விளையாட்டு ஆசையில் அல்ல. நாங்கள் திருகோணமலையை விட்டுப் போகவேண்டியிருந்தது.

துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆலையின் ஆய்வுகூடத்தில் அவருக்கு வேலை. அந்த நாள்களில் ஆமியின் சுற்றிவளைப்பு வந்தால் ஆண்களை வரிசையாக்கி, காட்டிக்கொடுக்க வந்த, முகம் மூடிய ஒருவனுக்கு முன்னால் நடக்கவிடுவார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த மனிதர் வீட்டுக்கு வரமாட்டார். என் கணவர் இரண்டு முறை அப்படி நடந்து திரும்பியிருந்தார். மூன்றாம் முறையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆலையின் தலைமைக் கந்தோர் கொழும்பில் இருந்தது. அங்கே இடமாற்றம் கொடுக்கக்கூடியவர் எங்கள் மனேஜர், ஒரு வெள்ளைக்காரர். கந்தோரில் மாற்றக் கதையை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் ஞாயிறு காலைகளில் அவரோடு கோல்ஃப் ஆடப் போன ஓர் இளம் பொறியியலாளர் மட்டும் ஒரு மாரி முடிவதற்குள் கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அந்தாள் ஆடித்தானே போனவர். நீங்களும் போய் ஆடுங்கோவன்," என்றேன்.

"எனக்குக் கிரிக்கெட் மட்டையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது."

"ஆமிக்கு முன்னால கையைத் தூக்கிக்கொண்டு நிக்கத் தெரியுதுதானே. இது ஏலாதோ?"

அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு போனார்.

மைதானம் என்று மரியாதைக்குச் சொல்லலாம். கடற்குடாவின் ஓரமாக மேடும் பள்ளமுமாக ஒரு வெளி. மாடுகள் மேய்ந்தன. குழிகளைச் சுற்றிப் புல் பிடிக்காததால் மணலைக் கொட்டி, ஆலையின் கழிவெண்ணெயை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் முட்கம்பி, அதற்கப்பால் ஆமி முகாம். மறுபக்கம் பற்றைக்காடு. பந்து பற்றைக்குள் போனால் தேடிப் போகக்கூடாது என்பதுதான் மனேஜர் முதன்முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். உள்ளே கண்ணி புதைத்திருக்கலாம், ஆள் இருந்து பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

மற்றப் பாடங்களை என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தடியை இறுக்கக்கூடாது, குழந்தையின் கையைப் பிடிக்குமளவு போதும். பின்னுக்குத் தூக்கும்போது அவசரம் ஆகாது. இடுப்புத் திரும்பவேண்டும், தலை அசையக்கூடாது. பந்து போன பிறகும் தலை கொஞ்ச நேரம் அங்கேயே குனிந்திருக்கவேண்டும். முற்றத்தில் நின்று கிணற்றடியைப் பார்த்து வெறுந்தடியை வீசுவார். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் தடியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவருவார். வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு அவர் கையில் இருப்பது என்னவென்று தெரியுமா?

ஊரடங்கு மத்தியானங்களில் பழக்கம் வீட்டுக்குள் நடந்தது. கூடத்துச் சீமெந்துத் தரையில் தகரப்பேணி ஒன்றைச் சரித்துவைத்து, பந்தை அதற்குள் உருட்டவேண்டும். அதற்கென்று தட்டையான முகம் கொண்ட ஒரு தடி. உருட்டுத்தடி என்று நான் பெயர் வைத்தேன். தரை குசினிப் பக்கம் மெல்லச் சரிந்திருந்தது, கூட்டிக் கழுவும் எனக்குத்தான் அது தெரியும். நானும் பிடித்துப் பார்த்தேன். கண் பந்துக்கு நேர் மேலே, தோள் மட்டும் ஊஞ்சல்போல ஆடவேண்டும், மணிக்கட்டு மடங்கக்கூடாது. பந்து பேணிக்குள் போய் 'டங்' என்றது.

"நீர்தான் மனேஜரோட ஆடப் போகவேணும்," என்றார்.

"போகலாம், பிறகு உங்களை விட்டிட்டு நான்தான் கொழும்புக்குப் போகவேண்டி வரும்."

அன்று குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவருடைய பந்து சுவரில் போய் முட்டியது. எங்கள் சின்ன மகளை மேசைக்கடியில் தள்ளிவிட்டு நானும் ஒண்டிக்கொண்டேன். அவர் இன்னொரு பந்தை எடுத்து வைத்தார். பயத்தில் மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்குக் கோபமாக வந்தது.

இவ்வளவு பழகியும் மைதானத்தில் பந்து நேரே போகவில்லை, எப்போதும் இடப்பக்கம் இழுத்தது. ஒருநாள் மனேஜர் அவரைக் குனிந்து நிற்கச் சொல்லித் தடியின் அடியைப் பார்த்தாராம். பிழை ஆளில் இல்லை, தடியில்தான் என்றாராம். அவை மனேஜரின் பழைய தடிகள். அவர் நெட்டை, என் கணவர் என்னைவிட இரண்டு விரல் உயரம். நீளத் தடியைக் கட்டையான ஆள் பிடித்தால் அதன் மூக்கு நிலத்தைவிட்டு மேலே எழும்பும், பந்து பக்கவாட்டில் போகும். வெட்டிக்கொள்ளச் சொல்லி அனுமதி கொடுத்தார்.

நகரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு என் கணவர் தடிகளைக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் கைப்பிடி றப்பரைக் கழற்றி, உருக்குக் குழாயின் மேல்முனையை வெட்டி, பெற்றோல் தடவி றப்பரைத் திரும்ப ஏற்றினார். வெட்டிய துண்டுகளைக் கடதாசியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தார். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அதுதான் வழக்கம். வாடிக்கையாளரின் இரும்பில் ஒரு துண்டையும் வைத்துக்கொள்ளமாட்டார்கள், களவெடுத்தான் என்ற பெயர் வரக்கூடாதே. இவரும் நல்ல உருக்கு, எதற்காவது உதவும் என்று பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறியிருக்கிறார்.

சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள். விரல் நீளத்தில் புதிதாக வெட்டிய குழாய்த் துண்டுகள். பை முழுக்கப் பெற்றோல் மணம். கொண்டுவந்தவர் தமிழர், அதுவும் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர். குண்டு செய்கிறவன் என்று முடிவுகட்ட அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அவரை முகாமுக்குக் கொண்டுபோன செய்தி வந்ததும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மனேஜரின் பங்களாவுக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அழுதேன். மனிதர் தன்னுடைய தடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னையும் ஜீப்பில் ஏற்றினார். முகாமில் ஒரு மேஜரின் மேசையில் தன் தடியையும் அவர்கள் பறித்துவைத்திருந்த என் கணவரின் தடி ஒன்றையும் அருகருகே கிடத்தி, கட்டைத் தடியின் முனையில் ஒரு துண்டை வைத்துக் காட்டினார். அளவு சரியாக இருந்தது. மேஜர் துண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். பிறகு என் கணவரைக் கொண்டுவரச் சொன்னார். காலில் செருப்பில்லை, ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. தடியை அவர் கையில் கொடுத்து, வெளியே போய் அடித்துக் காட்டச் சொன்னார்கள்.

துவக்கோடு நின்றவர்களுக்கு நடுவில் அவர் காலை அகட்டி நின்றார். தடி எழும்பி இறங்கியது. பந்து முட்கம்பிக்கு மேலால் நேரே, ஒரு வளைவும் இல்லாமல் குடாவை நோக்கிப் போனது. பந்து மறைந்த பிறகும் அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மேஜர் வாய்விட்டுச் சிரித்தார். ஆளைக் கொண்டுபோகலாம் என்றார். எனக்கு அந்த நேரம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு மேஜர் சொன்னார், ஞாயிறு தானும் வருவதாக, இவர் தனக்குப் பழக்கவேண்டும் என்று.

ஞாயிறு தவறாமல் ஆமி ஜீப் எங்கள் படலையில் வந்து நின்றது. முன் சீற்றில் என் கணவரை ஏற்றிக்கொண்டு போனது. தெரு முழுக்கப் பார்த்தது. அடுத்த சுற்றிவளைப்பில் வரிசையில் நின்றவரை ஒரு சிப்பாய் தோளில் தட்டி வீட்டுக்கு அனுப்பினான். நான் கும்பிட்ட தெய்வங்களிடம் கேட்டது அதைத்தான், ஆனால் அவர் வந்து சேர்ந்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பக்கத்து வீடுகளின் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலியால் கதைப்பதை நிறுத்தினாள். மகளோடு விளையாட யாரும் வரவில்லை. மைதானத்துக்குப் பக்கத்தில் பற்றைக்காடு அப்படியே இருந்தது.

"இப்பயாவது மாற்றத்தைக் கேளுங்கோ," என்றேன்.

கேட்டார். மனேஜர் உண்மையாகவே வருந்தினாராம். மேஜர் ஆட வரத் தொடங்கியபிறகு ஆலையின் லொறிகளைச் சாவடியில் மறிப்பதில்லை. ஆட்டத்துக்கு இவர் இல்லாவிட்டால் மேஜரும் வரமாட்டார். இந்த நிலைமையில் உங்களை எப்படி அனுப்புவது என்று இவரிடமே கேட்டிருக்கிறார். என் கணவர் கதிரையில் இருந்து இதைச் சொல்லி முடித்தார். போவதற்கென்று பழகிய வித்தை எங்களைக் கட்டிப்போட்டுவிட்டது. இவரைப் பிடித்துத் தள்ளியவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு பெடியள் சைக்கிளில் வந்தார்கள். ஊர் முகங்கள் இல்லை, இயக்கம் என்று பார்த்ததுமே தெரிந்தது. மிக மரியாதையாகத் தண்ணீர் கேட்டார்கள். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்தார்கள். என் கணவர் விறாந்தைக்கு வந்தார்.

"அண்ணை, ஞாயிறு மேஜர் எத்தினை மணிக்கு மைதானத்துக்கு வாறவர்?"

நான் முந்திக்கொண்டேன்.

"இந்த ஞாயிறு இவர் போகேல்லைத் தம்பி. நாங்கள் நாளைக்குக் கொழும்புக்குப் போறம். மாற்றம் கிடைச்சிட்டுது."

"நல்லம் அக்கா. போங்கோ," என்றான் ஒருவன். மற்றவன் என்னைப் பார்க்கவே இல்லை. "நாங்கள் கேட்டது மேஜரைப் பற்றி, அண்ணை."

குசினிக்குள் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஏழு மணிக்கு," என்றார்.

அது உண்மையான நேரம்தான். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மேஜருக்குப் போய்ச் சொன்னால் பெடியளும், சொல்லாவிட்டால் ஆமியும், யார் சொன்னது என்று எங்களிடம்தான் வந்து நிற்பார்கள். மாற்றமும் இல்லை, வேலையும் இல்லை, ஒரு பெட்டியோடு சனிக்கிழமை விடிய பஸ் ஏறினோம். வழியில் எத்தனையோ இடங்களில் இறக்கி ஏற்றினார்கள்.

கொழும்பில் உறவுக்காரர் ஒருவரின் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தோம். ஞாயிறு காலை நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு தெருவில் போய் நின்றார். தேத்தண்ணீர் ஆறிப்போனது. நான் கூப்பிடவில்லை.