முகத்தில் இருந்தது விபூதி இல்லை

என் மகளின் நிச்சயதார்த்தப் படங்களில் நான் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறேன். அதிலும் என் முழங்கை மட்டும். சட்டைக் கையை மடித்திருந்த விதத்தை வைத்து அது நான்தான் என்று என் மனைவி கண்டுபிடித்தாள். மற்ற நேரமெல்லாம் நான் வெளியில் நின்று வருகிற கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் கார் நிறுத்த எல்லோருக்கும் தெரியும்.

காரணம் என் முகம். நான் பிறவியிலேயே நல்ல கறுப்பு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கறுப்பின் மேல் இன்னொரு கறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டதுதான் தொல்லை. இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும், யாரோ கரித்துணியால் துடைத்துவிட்டதுபோலத் திட்டுத் திட்டாக இருக்கும். பல வருடங்களாக மோட்டார்சைக்கிளில் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வருகிறேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், பாதி நேரம் வெட்டவெளியில். வெயிலுக்குப் பயந்து, இங்கே மலேசியாவில் எல்லோரும் செய்வதுபோல, ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டுதான் மோட்டார்சைக்கிளில் ஏறுவேன். கைக்கும் நெஞ்சுக்கும் காவல் ஆயிற்று. முகத்தை அப்படி முன்பின்னாக மாட்டிக்கொள்ள வழியில்லை.

நிச்சயதார்த்த ஆல்பம் வந்த அன்று மகள் அதை என் முன்னால் விரித்து வைத்தாள்.

"அப்பா, கல்யாணத்தன்னிக்குக் கார் பாக்க ஆள் சொல்லியாச்சு."

"யாரும்மா?"

"யாரோ. நீங்க இல்ல. நீங்க மேடையில நிக்கணும். என் கையப் பிடிச்சுக் குடுக்கணும். முகம் தெரியணும்ப்பா. முழங்கைய வச்சு நான் என்ன பண்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஆல்பத்தை மூடும்போது அந்தச் சிரிப்பு இல்லை. கல்யாணம் வைகாசியில். சம்பந்தி யோங் பெங் ஊர்க்காரர், எந்தப் படம் எடுத்தாலும் நடுவில் வந்து நிற்கிறவர். அவர் பக்கத்தில் இந்த முகத்தோடு நிற்பதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

என் மனைவி அந்த வாரமே பசார் மாலாமில், இரவுச் சந்தையில், ஒரு க்ரீம் டப்பா வாங்கி வந்தாள். மூடியில் ஒரு பெண்ணின் படம். வேறு ஓர் எழுத்தும் இல்லை.

"நீயும் கொஞ்சம் போட்டுக்கயேன்" என்றேன்.

"எனக்கு எதுக்கு? நானா காரு பின்னால போயி ஒளிஞ்சேன்?"

போட்டேன். கொஞ்ச நாளிலேயே முகம் உரித்த முட்டைபோல் ஆனது. தொழிற்சாலையில் பெண்பிள்ளைகள் என்னைப் பார்த்து, எந்த சலூன் அங்கிள் என்று கேட்டார்கள். வெட்கத்தில் நான் கழிப்பறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அப்புறம் டப்பா காலியானது. விற்றவனும் சந்தையில் காணவில்லை. க்ரீமை விட்டதும் முகம் சிவந்து எரிய ஆரம்பித்தது. காற்றாடிக் காற்று பட்டாலே காந்தியது. அதன் பின்னாலேயே, போன கறுப்பு தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தேன். அன்று நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் கேட்டுக்கு வந்துவிட்டது.

மகள் என்னை ஜொகூர் பாருவில் ஒரு தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தமிழ்க்காரப் பெண்தான். காலி டப்பாவை மேசையில் வைத்தேன்.

"என்ன க்ரீம் இது, அங்கிள்?"

"தெரியல டாக்டர். பொண்ணு படம் போட்டிருக்கு."

"அந்தப் பொண்ண வெள்ளையாக்கினது கம்ப்யூட்டரு. உங்கள வெள்ளையாக்கினது ஸ்டீராய்டா இருக்கலாம், பாதரசமா இருக்கலாம். பேரு போடாத டப்பாவுல எது வேணாலும் இருக்கும்." கிட்னிக்குக் கெடுதல் ஏதும் ஆகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைக்கு எழுதினார். பிறகு என் கன்னத்தை விளக்கு வைத்துப் பார்த்தார். "எலுமிச்சம்பழமா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"நம்ம தோலு ரொம்ப ரோஷக்காரத் தோலு அங்கிள். தேய்ச்சா, எரிச்சா, சுரண்டினா, கோவிச்சுக்கிட்டு அந்த எடத்துல கறுப்பு வச்சிரும். அத அதட்டக் கூடாது. தாஜா பண்ணணும்."

"லேசர் அடிச்சா சீக்கிரம் போயிருமாமே டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"எல்லா லேசரும் எல்லா நிறத்துக்கும் ஒத்துக்காதும்மா. அவசரப்பட்டு அடிச்சா அதுவே புதுசா கறுப்பாக்கிரும். மொதல்ல எரிச்சல் அடங்கட்டும். அப்புறம் ஒரு மருந்து தர்றேன், காதோரமா கொஞ்சம் போட்டுப் பாத்துட்டு மெதுவா முகத்துக்குப் போலாம். ஆனா எல்லாத்துக்கும் மேல சன்ஸ்கிரீன். காலையில போடணும், மத்தியானம் மறுபடி போடணும். ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, தாராளமா."

"வைகாசிக்குள்ள வெள்ளையாயிருவேனா டாக்டர்?"

"வெள்ளை எதுக்கு? உங்க காதுக்குப் பின்னால இருக்கு பாருங்க, அதான் உங்க நிறம். முகம் அதுக்கு வந்தா போதும். முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நல்லா கொறையும்."

என் காதுக்குப் பின்னால் என்ன நிறம் இருக்கிறது என்று நான் அதுவரை யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பார்க்கச் சொன்னேன். "நல்ல காப்பிக்கொட்டை கலரு" என்றாள்.

மறுநாள் காலை, சொன்னபடியே, இரண்டு விரல் நீளத்துக்குத் தாராளமாகப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். வெள்ளைக்காரனுக்கு அந்த க்ரீம் கண்ணுக்கே தெரியாதாம். என் கறுப்பின் மேல் அது சாம்பலாக நின்றது. நெற்றி, கன்னம், மூக்கு, எங்கும் சாம்பல். அது மார்கழி கடைசி. தைப்பூசத்துக்கு ஆட்கள் விரதம் இருக்கிற காலம்.

கேண்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தவன், என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற, நான் தம்பி என்று கூப்பிடுகிற பையன். வருடா வருடம் தொழிற்சாலை ஆட்களைத் திரட்டிக்கொண்டு பால்குடம் எடுக்கப் போகிறவன். குரல் பெரிது, மனசும் பெரிது.

"அண்ணே! சொல்லவே இல்ல பாத்தீங்களா! முகம் பூரா விபூதி! இந்த வருசம் நீங்களும் பால்குடமா?"

நாலு பேர் பார்க்கும்போது என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வர நேரம் எடுக்கும். அது வருவதற்குள் அவன் என் தட்டில் இருந்த பொரித்த கோழியைத் தூக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

"அலமாக்! வெரதக்காரன் தட்டுல கோழி வச்சிருக்காங்க பாருங்க." கடித்துக்கொண்டே கேட்டான்: "எதுக்கண்ணே வேண்டுதல்?"

"மக கல்யாணத்துக்காக" என்றேன். அது உண்மைதானே.

"அப்படின்னா தாலி ஏறுற வரைக்கும் சைவம்தான். நான் பாத்துக்கிறேன், கவலைப்படாதீங்க."

பார்த்துக்கொண்டான். அவ்வளவு பெண்பிள்ளைகள் இருக்கிற கேண்டீனில், இது விபூதி இல்லை, முகத்துக்குப் போடுகிற க்ரீம் என்று சொல்வதைவிட வைகாசி வரைக்கும் முட்டைக்கோஸ் சாப்பிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. என் எதிரில் யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. மலாய் சூப்பர்வைசர் என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார். சாமி, இன்றைக்கு மழை வருமா என்று தினமும் கேட்பார். புது ஃபோர்க்லிஃப்ட் ஒன்று வந்தபோது அதற்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைக்க என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். தேங்காய் கோணலாக உடைந்து தண்ணீர் முழுக்க சூப்பர்வைசர் சட்டையில் கொட்டியது. தீர்த்தம் என்று நினைத்து அவர் துடைக்காமல் நின்றார்.

வீட்டில் கறிக்குழம்பு வைத்தாலும், அத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கும்போது அது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"கறி திங்கக் கூடாதுன்னு டாக்டரா சொன்னாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"கம்பெனியில சொல்லிட்டாங்க" என்றேன்.

அடுத்த முறை டாக்டரிடம் மகள் இதையெல்லாம் சொல்லிவிட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அங்கிள், நான் குடுத்தது க்ரீம். அதுக்குப் பத்தியமே இல்ல!" எரிச்சல் அடங்கியிருந்தது, சோதனையிலும் பயப்பட ஒன்றும் இல்லை. மருந்தைத் தொடங்கினார். சன்ஸ்கிரீனையும் மாற்றினார். இது மண்ணிறம் கலந்தது. மூன்று நான்கு நிறங்களை என் தாடையோரம் தடவிப் பார்த்து, தோலோடு தோலாக மறைந்ததை எடுத்துக் கொடுத்தார். நம்மைப் போன்ற நிறத்துக்கு இது இன்னும் நல்ல காவலாம்.

மறுநாள் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"விபூதி எங்கண்ணே? வெரதத்த விட்டுட்டீங்களா? உங்களுக்கும் சேத்து மஞ்ச வேட்டி சொல்லிட்டேனே!"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து மண்ணிற க்ரீமின் மேல் உண்மையான விபூதியை மூன்று கோடாக இட்டுக்கொண்டு போனேன். தைப்பூசத்தன்று பால்குடமும் எடுத்தேன். டாக்டர் தொப்பி போடச் சொல்லியிருந்தார். தலையில் குடம் இருக்கும்போது தொப்பி எங்கே போடுவது? குடத்தின் நிழல் மூக்குவரைக்கும் விழுந்தது, அதுவே போதும் என்று நடந்தேன். சந்நிதியில் முருகனிடம் முகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் வந்த கதை உனக்கே தெரியும், அன்றைக்கு மேடையை விட்டு நான் ஓடிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள் என்று கேட்டேன்.

வைகாசிக்குள் திட்டுகள் நன்றாகவே வெளுத்திருந்தன. கிட்டே வந்து பார்த்தால் இடது கன்னத்தில் கொஞ்சம் தெரியும். கல்யாண மண்டபத்தில், மகளுக்கு அலங்காரம் செய்து முடித்த பெண் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "அங்கிளுக்கும் லைட்டா ஒரு டச்சப்." பிஸ்கட் நிறத்தில் ஒரு மாவைக் கன்னத்தில் ஒற்றினாள். கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் ஓர் ஆள், கழுத்து வேறோர் ஆள்.

என் கோழி போனபோது வராத சொல் அப்போது வந்தது.

"வேணாம்மா. என் காது கலருல இருந்தா போடுங்க."

அவள் என் காதைப் பார்த்தாள். பெட்டி முழுக்கத் தேடினாள். "அவ்ளோ டார்க்கா நான் வாங்குறதில்ல, அங்கிள்."

"அப்ப தொடச்சிருங்க."

"அம்மா, அப்பா பேசுறாரு!" என்று மகள் கத்தினாள். பூவைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், கண் மையை மறுபடி போட வேண்டியதாயிற்று.

முகத்தைத் துடைத்துவிட்டு, என் மண்ணிற க்ரீமைப் பூசிக்கொண்டு மேடையில் ஏறினேன். சம்பந்தி வழக்கம்போல் நடுவில் நின்றார். கை பிடித்துக் கொடுக்கும் நேரம் வந்ததும் ஐயர் அவரை நகரச் சொல்லி, என்னை நடுவுக்குக் கூப்பிட்டார். மகளின் கையைப் பிடித்தேன். கேமராக்காரர் நிமிரச் சொன்னார், நிமிர்ந்தேன். ஒரு கால் மட்டும் வாசல் பக்கம் திரும்பி நின்றது. நல்ல வேளையாக அது படத்தில் விழாது.

மாலை விருந்தில் தம்பி ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறியோடு என்னிடம் வந்தான். "தாலி ஏறியாச்சு. வெரதம் முடிஞ்சுது. சாப்பிடுங்கண்ணே." என் முகத்தையே உற்றுப் பார்த்தான். "முருகன் முகத்தையும் தெளிய வச்சிட்டாரு பாத்தீங்களா? எனக்கும் கன்னத்துல இங்க கறுப்பா ஒண்ணு வருது. வர்ற வருசம் நானும் உங்கள மாதிரி முகம் பூரா விபூதிதான். அதுவரைக்கும் பசார் மாலாம்ல ஒரு க்ரீம் சொல்றாங்க, பொண்ணு படம் போட்டது..."

"வாங்கிட்டியா?"

"நாளைக்கு வாங்கலாம்னு..."

"வாங்காத. அந்த டப்பாதான் என் மூஞ்சியக் கெடுத்துச்சு. நீ பாத்தது விபூதி இல்லடா. சன்ஸ்கிரீன்."

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். டாக்டரைப் பற்றி, எலுமிச்சம்பழத்தைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் மேசையில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. கேட்டு முடித்ததும் அவன் யோசனையோடு கேட்டான்:

"அப்ப அந்தக் கோழி?"

"என் கோழி."

எழுந்து போனான். பொரித்த கோழியாகப் பொறுக்கிக் கொண்டுவந்து என் தட்டில் அடுக்க ஆரம்பித்தான். கேமராக்காரர் எடுத்தது அந்த நேரத்தில்தான். மகள் கூடத்தில் மாட்டியிருப்பதும் அந்தப் படத்தைத்தான். என் வாயில் கோழி இருக்கிறது, இடது கன்னத்தில் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது, முகம் முழுசாகத் தெரிகிறது.

தம்பியை டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைவதற்கு முன் அவன் என்னிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான், இதற்குக் கறி சாப்பிடலாம்தானே என்று.