நம்ம தமிழில் கேட்ட இலக்கம்

மலர், கண்ணன், படிப்புக் காசு ஏன் குறைந்தது என்று நீங்கள் கேட்டபோது அப்பா மழுப்பிவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

கலஹா பஸ்ஸில் போகும்போது தெரியாத ஒருவன் எனக்குப் போன் பண்ணினான். "அண்ணே, பேங்க்ல இருந்து பேசுறேன். உங்க கணக்குல யாரோ கை வைக்கிறாங்க. இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க, நிப்பாட்டிடுறேன்."

வங்கியில் சிங்களத்தில்தான் பேசுவார்கள். நான் பாதி புரிந்து தலையாட்டுவேன். இவன் நம்ம தேயிலைத் தோட்டத்துத் தமிழில் பேசியதும் மனம் இளகி, வந்த இலக்கத்தைச் சொல்லிவிட்டேன். ஐம்பதாயிரம் போய்விட்டதாக உடனே மெசேஜ் வந்தது.

மறுபடி கூப்பிட்டான். "அண்ணே, ஒரு நாளைக்கு அனுப்புற லிமிட்ட கூட்டணும். இன்னொரு நம்பர் வரும்."

"நிப்பாட்டுறவனுக்கு லிமிட்டு எதுக்குடா?"

"என்னண்ணே, தம்பிய நம்ப மாட்டீங்களா?" என்று சிரித்தான்.

போனை வைத்துவிட்டு, பேராதனையில் இறங்கி வங்கிக்கு ஓடினேன். கணக்கை முடக்கினார்கள். ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம்தான் அனுப்பலாம் என்ற எல்லை இருந்ததால்தான் மிச்சம் தப்பியது. போனது திரும்பவில்லை.

இப்போது யார் இலக்கம் கேட்டாலும் போனை வைத்துவிட்டு வங்கிக்கே போகிறேன். முடக்கிய கணக்கை வங்கி திரும்பத் திறந்துவிட்ட அன்று தனியாகப் போய், தெரிந்த சிங்களத்திலேயே கேட்டு, அந்த எல்லையைப் பத்தாயிரமாகக் குறைத்துக் கையெழுத்துப் போட்டேன்.