வாப்பா சொல்லாத வழமை

நான் பொய் சொன்னேன். பள்ளிவாசலுக்குள் நின்று, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட, என்னைப் பெற்ற வாப்பாவின் பெயரால் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒருவன் தன் தாயை, அவர் கேட்ட இடத்தில் அடக்காமல் விட்டுவிட்டான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட இல்லை. உங்களிடம் சொல்ல ஏன் துணிந்தேன் தெரியுமா? நீங்கள் எங்கள் ஊரில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என் தோளோடு தோள் உரசித் தொழப்போவதுமில்லை. கோழைகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் விதம் இதுதான் போலும்!

எங்கள் ஊர் கற்பிட்டிப் பக்கம், கடல்நீர்க் களப்பை ஒட்டியது. வெங்காயமும் மீனும்தான் பிழைப்பு. தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் வந்து இறங்கியபோது எங்கள் தென்னந்தோட்டத்தில்தான் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில்கள் எழும்பின. அப்போது பள்ளிவாசல் தலைவராக இருந்த வாப்பா பெரிய சட்டிகளில் சோறு ஆக்கிப் போட்டார். நான் அகப்பை பிடித்தேன். 'வந்தாரை வாழவைத்த ஊர்' என்று எங்களை நாங்களே மெச்சிக்கொள்வதில் இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்தக் கொட்டில் ஒன்றில் உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவன்தான் நஸீர். மன்னாரிலிருந்து வந்த குடும்பம். வளர்ந்தபின் படகு எஞ்சின் திருத்துவதில் பேர் எடுத்தான். பள்ளிவாசலில் என்ன வேலை என்றாலும் முதல் ஆள் அவன்தான். என்னை அவன் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவான். ஆனாலும் ஊருக்குள் அவன் பெயர் 'அகதி நஸீர்'. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அதே பெயர்!

வாப்பாவுக்குப் பின் தலைவர் பதவி என் கைக்கு வந்தது. வெறும் கதிரைதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஊரில் கல்யாணத்துக்குக் கடிதம் வேண்டும் என்றாலும், காணித் தகராறு என்றாலும் அந்தக் கதிரைக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். வழியில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது... மிகவும் பிடித்திருந்தது.

சில வருடங்களுக்கு முன், பள்ளிவாசலை நிர்வகிக்கும் புதிய நம்பிக்கையாளர் சபையைத் தெரிவு செய்யக் கூடினோம். எங்களிடம் வாக்குப்பெட்டி கிடையாது. ஒருவர் பெயர் சொல்வார், இன்னொருவர் ஆமோதிப்பார், மறுப்பு இல்லையென்றால் நபிகள் மீது ஸலவாத்துச் சொல்லி முடிப்போம். அன்று இளைஞர்கள் நஸீரின் பெயரைச் சொன்னார்கள். எங்கள் சொந்தக்காரர்களின் பக்கமிருந்தே ஆமோதிப்பு வந்தது. இன்று சபைக்குள் வருகிறவன் நாளை தலைவராவான் என்று எனக்கு விளங்கிவிட்டது. எழும்பினேன்.

"ஒரு வழமை இருக்கு. தாய் தகப்பன்ல ஒராளாவது எங்கட மையவாடியில அடங்கி இருக்கோணும். அப்படிப்பட்ட ஆள்தான் சபையில இருக்கலாம். வாப்பா எனக்குச் சொல்லித் தந்தது."

வாப்பா அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. இறந்தவர்களை அடக்கும் மையவாடியைப் பற்றி அவர் என்னிடம் பேசியதெல்லாம், மாடு நுழையாமல் வேலி அடைக்கச் சொல்லித்தான்!

என் தந்திரத்தைப் பாருங்கள்... வந்தவர்களில் பலருடைய பெற்றோர் எங்கள் மையவாடியில்தான் அடங்கியிருந்தார்கள். ஆகவே நான் அகதிகளை ஒதுக்குகிறேன் என்று யாரும் வாய் திறக்க முடியாது. நஸீரின் வாப்பாவோ சண்டை ஓய்ந்ததும் மன்னாருக்குத் திரும்பிப்போய் அங்கேயே மௌத்தானவர். உம்மா மகனோடு இங்கே உயிரோடு இருந்தார். அந்த வழமையை அவன் ஒருவனுக்காகவே அளவெடுத்துத் தைத்தேன்.

இளம் மௌலவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹாஜியார், மார்க்கத்துல இப்படி ஒண்டு இல்லையே?"

"நான் மார்க்கம் சொல்லல்ல மௌலவி. ஊர் வழமையச் சொல்றன்."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு விருந்தே கிடைத்தது! முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். 'ஓம், நானும் கேள்விப்பட்டிருக்கன்' என்றார் ஒருவர். கேள்விப்பட்டாராம்! நஸீர் எழுந்து நின்றான். "வழமை எண்டா வழமைதான் நானா. நான் குறை நினைக்கல்ல" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தான். அவன் காதுமடல் சிவந்திருந்ததை நான் கண்டேன்.

அடுத்த நோன்புக்கு முன் அவனுடைய உம்மா படுக்கையில் விழுந்தார். தலைவர் என்ற முறையில் நோய் விசாரிக்கப் போனேன். என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"மகன், அவர் மன்னார்ல தனியாக் கிடக்கிறார். என்னையும் அவருக்குப் பக்கத்துல கொண்டு போய் வெச்சிரோணும். நஸீர்ட்டயும் சொல்லிட்டன். பள்ளி ஆக்கள் மறிக்காம இருந்தாக் காணும்."

"நாங்க ஏன் உம்மா மறிக்கிற? நான் பாத்துக்கிறன்," என்றேன்.

நான் மறிக்கவில்லை. அதைவிடக் கேடானதைச் செய்தேன்.

ஒரு காலைப்பொழுதில் அவர் மௌத்தானார். நான் போனபோது மையத்தை, அவர் உடலை, மன்னாருக்குக் கொண்டுபோக வேன் வந்து நின்றது. அங்குள்ள சொந்தக்காரர்கள், கபுறுக்குக் குழி வெட்டத் தொடங்கலாமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நஸீர் என்னைக் கிணற்றடிக்கு ஒதுக்கி அழைத்துப்போனான்.

"நானா, உம்மாவ இங்க அடக்கினா... வழமைப்படி நாங்களும் ஊராக்கள்தானே?"

கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனே தொடர்ந்தான்.

"பதவிக்காகக் கேக்கல்ல நானா. என்ட புள்ளைகளையும் அகதிட புள்ளைகள் எண்டுதான் சொல்றாங்க. அது என்னோட முடியட்டும். மௌலவிட்டக் கேட்டன், மையத்த ஊர் விட்டு ஊர் கொண்டு போறது கட்டாயமில்ல எண்டார். ஆனா உம்மா ஆசையாக் கேட்டவ... எனக்கு ஒண்டும் விளங்குதில்ல. நீங்க சொல்லுங்க."

'தம்பி, அது பொய். உம்மாவைக் கொண்டு போ.' இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது! வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம் தம்பி," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பதவியைக் காப்பாற்றவா? யோசித்துப் பாருங்கள், இங்கே அடக்கினால் அவன் சபைக்குள் வருவான், நட்டம் எனக்குத்தான். அப்படியிருந்தும் சொன்னேன். பொய்யன் என்று அவன் முன்னால் நிற்க வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்கு ஒரு தாயின் கடைசி ஆசையை விலையாகக் கொடுத்தேன்.

வேன் திரும்பிப் போயிற்று. மாலை அஸர்த் தொழுகைக்குப் பிறகு எங்கள் மையவாடியில் அடக்கினோம். நானும் குனிந்து மூன்று பிடி மண் போட்டேன். அடக்கிய மையத்தைத் தோண்டி எடுத்து இடம் மாற்ற மார்க்கம் இலேசில் இடம் கொடுக்காது. ஆகவே திருத்தவும் வழியில்லை.

நஸீர் சபைக்குள் வந்தான். நான் பயந்தது போலவே பிறகு தலைவரானான். ஊர் கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. நான் சாதாரண உறுப்பினனாகச் சுவரோரம் உட்காருகிறேன். யாரும் இப்போது சைக்கிளை விட்டு இறங்குவதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் வந்திருக்கமாட்டேன்.

கடந்த மாதம் மறுபடி கூடினோம். இம்முறை இளைஞர்கள் ரிஸ்வானின் பெயரைச் சொன்னார்கள். ரிஸ்வான் சிலாபத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இஸ்லாத்துக்கு வந்து, எங்கள் ஊரில் குடியேறி நெடுநாளானவர். விடிய சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக் கதவைத் திறப்பது அவர்தான். அவருடைய தாயும் தகப்பனும் சிலாபத்தில் இருக்கிறார்கள், ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிறார்கள். எந்தக் காலத்திலும் எங்கள் மையவாடிக்கு அவர்கள் வரப்போவதில்லை.

நஸீர் எழுந்தான். எனக்குள் ஒரு சின்ன ஆசை... இவன் பட்டவன், இவனே அந்த வழமையைத் தூக்கி எறிவான், நான் வாய் திறக்காமலே என் பொய் ஒழிந்துபோகும்!

"வழமை இருக்கு," என்றான் நஸீர். "நான் என்ட உம்மாவ வெச்சித்தான் இதுக்குள்ள வந்தன். இன்னொராளுக்காக அத மாத்த ஏலா."

"தலைவர், அப்படியெண்டா அவருக்கு ஒரு காலமும் ஏலாமப் போகுமே?" என்றார் மௌலவி.

நஸீர் என் பக்கம் திரும்பினான். "நானா சொல்லட்டும். அவங்கட வாப்பா சொன்னதுதானே?"

பள்ளி முழுவதும் என்னைப் பார்த்தது. ரிஸ்வானும் பார்த்தார். கோபமில்லாத பார்வை. நான் ஏதாவது நல்லது சொல்வேன் என்று அவர் நம்பியது எனக்குத் தெரிந்தது.

இல்லை என்று சொன்னால் அவர் உள்ளே வருவார். ஆனால் நஸீர்? கணவனுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டிய உம்மாவை ஒரு பொய்க்காக இங்கே புதைத்தேன் என்று அறிந்த பின் அவன் எப்படித் தூங்குவான்? அவனுக்காகத்தான் உண்மையை மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அதை நம்பிவிடாதீர்கள். எனக்கே அதில் பாதி நம்பிக்கைதான்.

"ஓம்," என்றேன். "வாப்பா சொன்னதுதான்."

ஸலவாத்துச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். ரிஸ்வானும் சேர்ந்து சொன்னார்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நஸீர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"நீங்க இல்லாட்டி எங்கட உம்மாட கபுறுக்கே இண்டைக்கு அர்த்தமில்லாமப் போயிருக்கும் நானா. நீங்க செஞ்சதுக்குரிய கூலிய அல்லாஹ் உங்களுக்குத் தரட்டும்."

"ஆமீன்," என்றேன் நான்.